காய்ச்சல் இல்லாத ஐந்து நாட்கள்

அத்தை,

ஃபிரிட்ஜின் மேல்தட்டில், வெண்ணெய் டப்பாவுக்குப் பின்னால், உன் கடைசி ஊசி இன்னும் பெட்டி பிரிக்காமல் இருந்தது. இன்று ஞாயிற்றுக்கிழமை. அம்மா ஃபிரிட்ஜைத் துடைப்பதற்காக எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்தாள். தயிர், புதினா, மாவுப் பாத்திரம் எல்லாம் மேசைக்கு வந்துவிட்டன. அந்தப் பெட்டியை மட்டும் அவள் தொடவில்லை.

"அதை நீயே எடுத்துடு கண்ணு. தேதி இந்த மாசத்தோட முடியுது. குப்பையில போடக் கூடாதாம், ஆஸ்பத்திரியிலயே கொண்டுபோய்க் குடுக்கணுமாம்" என்றாள்.

எடுத்தேன். ஊசி போடுமுன் தோலைத் துடைக்கும் ஸ்பிரிட் பஞ்சுப் பொட்டலம் ஒன்று ரப்பர் பேண்டில் பெட்டியோடு சேர்த்துக் கட்டியிருந்தது. ஏன் என்று தெரியவில்லை, அதைக் கிழித்து முகர்ந்தேன். அவ்வளவுதான். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "போட்டாச்சா? போட்டாச்சா?" என்று கேட்டபடி நீ என் எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிட்டாய்.

உன்னை நான் 'நீ' என்று எழுதுவதைப் பார்த்தால் கோயம்புத்தூரில் பெரியப்பா கோபித்துக்கொள்வார். அப்பாவின் தங்கை, என்னைவிட இருபது வயது மூத்தவள். 'நீங்க' என்றுதான் கூப்பிட வேண்டும். ஆனால் விமான் நகர் ஹோட்டலில் வரவேற்பு மேசைக்குப் பின்னால் நாளெல்லாம் 'சார், மேடம்' சொல்லிவிட்டு வந்து, ஷூவைக் கழற்றும்போதே நீ சொல்வாய்: "வீட்டுக்குள்ளயும் நீங்க நாங்கன்னா டூட்டி முடியாத மாதிரியே இருக்குது அம்மிணி. எனக்குன்னு ஒரே ஒரு 'நீ' வேணும்." அந்த 'நீ'யை நான் கொடுத்தேன். உனக்கு நான் கொடுத்தவற்றில் குறையில்லாதது அது ஒன்றுதான் என்று இப்போது தோன்றுகிறது.

நான் ஏழாம் வகுப்பில் இருந்தபோது உன் விரல்கள் காலையில் மடங்க மறுத்தன. சீருடைக் கோட்டின் பித்தான்களை நான்தான் போட்டுவிடுவேன். ரெட்டைச் சடையோடு நான் ஸ்கூல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்க, நீ கைகளைத் தூக்கிக்கொண்டு, "என்னைப் பாத்தா எல்.கே.ஜி. போற புள்ளையாட்டம் இல்ல?" என்பாய். முடக்குவாதம் என்றார் டாக்டர். கிருமிகளோடு சண்டை போட வேண்டிய நோயெதிர்ப்பு உன் சொந்த மூட்டுகளோடு சண்டை போடுகிறது என்றார். மாத்திரைகளில் இரண்டு வருடம் போனது. பிறகுதான் வாரம் ஒரு ஊசி. சனிக்கிழமைதோறும், வீட்டிலேயே.

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் ஊசியைப் போட்டுவிட முடியாது. சில்லென்று இருந்தால் அதிகம் வலிக்கும். அரைமணி நேரம் வெளியே வைக்க வேண்டும். அந்த அரைமணி நேரம்தான் நம்முடையது. பெட்டிக்குள் எட்டாக மடித்த தாள் ஒன்று இருக்கும். அதைப் பிரித்தால் மேசை பாதி மறையும். பொடி எழுத்து, முழுக்க ஆங்கிலம். "இங்கிலீஷ்ல படிச்சியானா மறுபடியும் கவுண்டர்ல நிக்கற மாதிரி ஆயிரும். தமிழ்ல சொல்லு" என்பாய். இந்த வெளிமாநில ஊரில், என் வகுப்பில் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான். அந்தப் பெருமையில் அகராதியும் கையுமாக உட்கார்வேன். அடுப்படியிலிருந்து அம்மா, "டியூட்டி டாக்டர் ரவுண்ட்ஸ் வந்துட்டாங்க" என்று கிண்டல் செய்வாள்.

முதல் சனிக்கிழமை நான் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பச் சின்னச் சின்னப் புரதங்களை வைத்திருக்கின்றன, அவற்றுக்குச் சைட்டோகைன் என்று பெயர், அதில் ஒன்று இன்டர்லூக்கின்-6 என்று ஆரம்பித்தேன். செய்தி எல்லார் வீட்டுக்கும் போய்விடாது. அதை வாங்கிக்கொள்ள அதற்கென்றே ஏற்பி என்று ஒன்று வேண்டும். கல்லீரலுக்குச் செய்தி கிடைத்தால் அது சி.ஆர்.பி. என்ற புரதத்தை ரத்தத்தில் ஊற்றும். அந்தப் புரதம் ஏறியிருந்தால் உடம்பில் எங்கோ அழற்சி என்று டாக்டர் தெரிந்துகொள்வார். மூளைக்கு எட்டினால் காய்ச்சல் ஏறும். உன் மூட்டுகளில், எந்த ஆபத்தும் இல்லாதபோதே, அந்தச் செய்தி ஓயாமல் போய்க்கொண்டிருந்தது. இந்த ஊசி செய்தியை அழிப்பதில்லை. செய்தியை வாங்கும் ஏற்பியின் மேல் தான் போய் உட்கார்ந்துகொள்கிறது. ரத்தத்தில் தனியே மிதந்து திரியும் ஏற்பிகளையும் அது விடுவதில்லை.

நீ ஒரு கண்ணை மட்டும் திறந்தாய்.

"அட, எங்க ஹோட்டல்ல ரூம் கதவுல மாட்டற அட்டை. 'தொந்தரவு செய்யாதீர்கள்'."

"அதேதான் அத்தை!"

பாடப் புத்தகத்தில்கூட இவ்வளவு நன்றாக இல்லை என்று எனக்கு ஒரே குதூகலம். மறுநாள் ஓரம் தேய்ந்த பழைய அட்டை ஒன்றை ஹோட்டலிலிருந்து கொண்டுவந்து, உன் அறைக் கதவுக் குமிழில் மாட்டினாய். "இனி என் மூட்டுக்கு மட்டுமில்ல, எனக்கும் லீவு" என்றாய்.

அந்த அட்டையைப் பற்றி நீ வேறொன்றும் சொன்னாய். அது கதவில் தொங்கினால் துப்புரவுப் பணியாளர்கள் தட்டமாட்டார்கள். ஆனால் மதியம் இரண்டு மணிக்கு மேலும் தொங்கினால் வரவேற்பிலிருந்து அறைக்குப் போன் செய்ய வேண்டும். எடுக்காவிட்டால் இரண்டு பேர் மேலே போய்த் தட்ட வேண்டும். அதற்கும் பதில் இல்லையென்றால் மாற்றுச் சாவியால் திறக்க வேண்டும். ஒருமுறை நாக்பூர்க்காரர் ஒருவரின் அறையில் அட்டை தொங்கியது. போன் எடுக்கவில்லை. "தூங்கறவரை எழுப்பினா நம்ம மேலதான் கம்ப்ளெயிண்ட் வரும், விடு" என்றாராம் உன் மேலாளர். நீ விடவில்லை. திறந்து பார்த்தால் குளியலறையில் வழுக்கி விழுந்து, எழ முடியாமல் கிடந்தார். பிழைத்துக்கொண்டார். தீபாவளிக்கு ஆரஞ்சு பர்பி அனுப்பினார். அந்தப் பர்பியைச் சாப்பிட்டுக்கொண்டேதான் நீ இந்தக் கதையை என்னிடம் சொன்னாய்.

"அட்டை என்ன சொல்லுது? எழுப்பாதேங்குது, அவ்வளவுதான். உள்ள நல்லா இருக்கறேன்னு அது சொல்லவே இல்லியே அம்மிணி."

கேட்டேன். சிரித்தேன். பர்பியில் இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டேன்.

அத்தை, இப்போது அந்தத் தாளின் இரண்டாம் பக்கத்துக்கு வருகிறேன். முதல் சனிக்கிழமை ஊசியைப் பார்த்ததும் நீ நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டாய். "பயமுறுத்தறதெல்லாம் விட்டுட்டு மிச்சத்தைப் படி" என்றாய். எச்சரிக்கைகள் ஒரு முழுப் பத்தி இருந்தன. நான் அதைக் கண்ணால் படித்தேன். புரியாமல் இல்லை, நன்றாகவே புரிந்தது. இன்னொரு நாள் சொல்லிக்கொள்ளலாம் என்று அடுத்த பத்திக்குத் தாவினேன். அந்த இன்னொரு நாள் வரவில்லை, ஏனென்றால் நீ நன்றாகிக்கொண்டே வந்தாய். ஆறாவது வாரம் பித்தானை நீயே போட்டாய். பத்தாவது வாரம் அரிசிம்பருப்பு சாதம் செய்து, "கரண்டி பிடிக்கறேன் பாரு, படம் எடு" என்றாய். உன் கை தெரியும் அந்தப் படம் இன்னும் அம்மாவின் போனில் இருக்கிறது.

நான் நோட்டு ஒன்று போட்டேன். தேதி, எந்தத் தொடை, காலை வெப்பநிலை என்று மூன்று நெடுவரிசைகள். மாதாமாதம் வரும் ரத்தப் பரிசோதனையின் சி.ஆர்.பி. அளவைப் பின்னால் கட்டம் போட்ட தாளில் குறித்தேன். கோடு வழுக்கிக்கொண்டு இறங்கியது. இறங்கிய ஒவ்வொரு புள்ளியையும் பச்சை ஸ்கெட்ச்சால் வட்டமிட்டேன். "என் ரத்தத்துக்கு மார்க் போடறியா நீ?" என்றாய். பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு அதைத்தான் அட்டையில் ஒட்டிக் கொண்டுபோனேன். இரண்டாம் பரிசு கிடைத்தது. நீ சீருடையோடு வந்து முன் வரிசையில் நின்று கை தட்டினாய். வலிக்காமல் கை தட்டினாய்.

போன வருடம் ஜூலை. திங்கட்கிழமை நல்ல மழை. நீ மூன்று மாடி ஏறி வந்ததும் உள்ளே வராமல் ஷூ ரேக் மேலேயே உட்கார்ந்துவிட்டாய். இருமினாய். நான் ஓடிப்போய்த் தெர்மாமீட்டர் கொண்டுவந்தேன். தொண்ணூற்றெட்டு புள்ளி இரண்டு. ஹிஞ்சேவாடியிலிருந்து வரும் கம்பெனி வண்டியில் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டிருந்த அப்பா போனில் கேட்டார்.

"காய்ச்சல் இருக்குதா?"

"இல்லப்பா. நார்மல்."

"அப்பச் செரி. மழைக்குச் சளி புடிச்சிருக்கும்."

செவ்வாயும் நார்மல். புதனன்று மாத ரத்தப் பரிசோதனையின் முடிவு போனில் வந்தது. சி.ஆர்.பி. எப்போதையும்விடக் குறைவு. உன்னிடம் கொண்டுவந்து காட்டினேன். நீ படுத்தபடியே, "நீ சொன்னாச் செரிதான் டாக்டரம்மா" என்றாய். நான் பச்சை வட்டம் போட்டேன். அந்த வட்டம் இன்னும் நோட்டில் இருக்கிறது. அதைப் பார்க்காமல் பக்கத்தைப் புரட்ட என்னால் முடிவதில்லை. வியாழன் நீ வேலைக்குப் போகவில்லை. சாதத்தைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிட்டாய். அம்மா டாக்டரிடம் போகலாமா என்றாள். நான், ஆமாம் நான்தான், "காய்ச்சலே இல்லையே அம்மா, சனிக்கிழமை ஊசி போடும்போது பாத்துக்கலாம்" என்றேன். மறுநாள் எனக்கு வேதியியல் தேர்வு. வெள்ளிக்கிழமை தேர்வு முடிந்து வந்தபோது உன் உதடு வேறு நிறத்தில் இருந்தது. நீ என்னைப் பார்த்து, "மேடம், செக்-இன் ரெண்டு மணிக்குத்தான்" என்றாய். அப்போதும் தெர்மாமீட்டரை வைத்தேன். தொண்ணூற்றெட்டு.

இரண்டு நுரையீரலிலும் தொற்று பரவி, ரத்தத்திலும் கலந்துவிட்டது என்றார்கள். அப்பா கீழே சேர்க்கைப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தார். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நான் மட்டும் நோட்டோடு நின்றேன். உனக்கு ஊசி எழுதிக் கொடுத்த டாக்டர் மேடம் அதை வாங்கிப் புரட்டினார். திட்டவில்லை. களைத்த குரலில் ஹிந்தியில் சொன்னார். இந்த மருந்து போட்டுக்கொள்பவருக்குத் தொற்று வந்தாலும் காய்ச்சல் வராமல் போகலாம், சி.ஆர்.பி.யும் ஏறாமல் இருக்கலாம், ஆகவே ஆள் எப்படி இருக்கிறார் என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்று. கடைசியில், "பதாயா தா நா?" என்றார். சொல்லியிருந்தேனே என்று. எனக்கு அவர் சொன்னதில்லை. ஆனால் அந்தத் தாள் சொல்லியிருந்தது.

சனிக்கிழமை ஊசி போடவில்லை. அதனால்தான் அது ஃபிரிட்ஜில் தங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்த எட்டாம் நாள் நீ போய்விட்டாய்.

ஊரிலிருந்து வந்த எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள். "காச்சல்கூட இல்லியாமா. ஆருக்குத் தெரியும் பாவம்." பெரியப்பா சொன்னார். உன்னோடு வேலை பார்த்தவர்கள் ஹிந்தியில் அதையே சொன்னார்கள். அம்மா போனில் எத்தனை பேரிடம் சொன்னாள் என்று தெரியாது. அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் வீடு நின்றது. நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். யாருக்குமே தெரிந்திருக்க முடியாது என்று அவர்கள் சொன்னபோதெல்லாம், தெரிந்திருந்த ஒருத்தி அவர்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். இத்தனை மாதங்கள் அப்படியே போயின. பள்ளியில் நோயெதிர்ப்புப் பாடம் நடந்தபோது, "உனக்குத்தான் இது நல்லாத் தெரியுமே" என்று டீச்சர் என்னை எழுப்பினார். எழுந்து நின்றேன். பாடம் படிக்கவில்லை என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.

இன்று காலை பெட்டியைப் பிரித்து அந்தத் தாளை எடுத்தேன். இரண்டாம் பக்கம். பத்தி அங்கேயேதான் இருந்தது.

மணி இரண்டு தாண்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டதும் அப்பா உன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். குமிழில் உன் அட்டை அப்படியே தொங்குகிறது, யாரும் எடுக்கவில்லை. நான் தாளோடு கதவருகே போனபோது அம்மா, "விடு கண்ணு, தூங்கட்டும்" என்றாள். உன் மேலாளர் சொன்னதும் இதுதானே என்று நினைத்தேன். தட்டினேன்.

"தூங்கறேன் சாமி."

தூங்குகிறவரின் குரல் இல்லை அது.

"திறங்கப்பா."

"ஒண்ணுமில்ல, போ."

"திறங்க."

திறந்தார். கட்டிலின் மேல் உன் சீருடைக் கோட்டு விரித்துக் கிடந்தது. நான் உட்காரவில்லை. நின்றபடியே அந்தப் பத்தியைத் தமிழில் வாசித்தேன், உனக்கு வாசித்திருக்க வேண்டிய அதே தமிழில்: இந்த மருந்தைப் போட்டுக்கொள்பவர்களுக்குக் கடுமையான தொற்று ஏற்படலாம். தொற்றின் அடையாளங்கள் மங்கித் தெரியலாம். காய்ச்சல் இல்லாவிட்டாலும், உடம்பு சரியில்லை என்று தோன்றினால் உடனே மருத்துவரைப் பாருங்கள்.

"இதை நான் முதல் நாளே படிச்சேன்ப்பா. அத்தைக்குச் சொல்லல. யாருக்கும் சொல்லல."

பக்கத்து லோஹேகாவ் விமானப்படைத் தளத்திலிருந்து போர் விமானம் ஒன்று கிளம்பி, சத்தம் ஜன்னல் கண்ணாடியை அதிரவைத்துக்கொண்டு போனது. அது அடங்கும்வரை அப்பா என்னைப் பார்க்கவில்லை. திட்டுவார் என்று நினைத்தேன். 'நீ குழந்தைதானே' என்று சொல்லிவிடுவாரோ என்று அதைவிடப் பயந்தேன். இரண்டும் நடக்கவில்லை.

"எனக்கும் சொன்னாங்க" என்றார்.

"யாரு?"

"டாக்டரம்மாதான். ஊசி எழுதிக் குடுத்த அன்னிக்கே. எனக்கு ஆபீஸ்ல இருந்து போன் வந்திருச்சு. காதுல போனை வெச்சுட்டே தலையாட்டிட்டு வந்துட்டேன். காய்ச்சல்னு என்னமோ சொன்னாங்கன்னு அவ போன பொறகுதான் நெனப்பு வந்துச்சு." கோட்டின் பித்தானைப் போட்டார், கழற்றினார். "உன்னை எந்த வாயில நான் சமாதானம் பண்றது சொல்லு."

இரண்டு பேரும் கட்டிலில் உட்கார்ந்தோம். அப்பா, "அன்னிக்கு அவளும் கூடத்தான் உக்காந்திருந்தா. அவளுக்கும் தெரிஞ்சிருக்குமா?" என்றார். எனக்குத் தெரியவில்லை, அத்தை. டாக்டர் சொன்னபோது நீ ஊசியை நினைத்துப் பயந்துகொண்டிருந்தாயோ என்னவோ. அல்லது, நோட்டும் தெர்மாமீட்டருமாக வீட்டில் ஒருத்தி இருக்கிறாளே, அவள் பார்த்துக்கொள்வாள் என்று விட்டுவிட்டாயோ. இந்த இரண்டாவதை நினைக்கும்போது என்னால் மேலே நினைக்க முடிவதில்லை.

நோட்டை எடுத்து வந்தேன். மூன்று நெடுவரிசைகள். தேதி, தொடை, வெப்பநிலை. நீ எப்படி இருக்கிறாய் என்பதற்கு அதில் இடமே இல்லை. நான் அளந்தது எல்லாம், செய்தி எட்டாத இடத்தில் நின்றுகொண்டு செய்தி ஒன்றும் வரவில்லை என்று எழுதிவைத்ததுதான். ஸ்கேலை வைத்து நான்காவது நெடுவரிசைக்குக் கோடு ஒன்று போட்டேன். அந்த ஐந்து நாட்களுக்கு எதிரே நீ சொன்னவற்றை, உன் வார்த்தையிலேயே, எழுதினேன்.

திங்கள்: "சித்த இங்கயே உக்காந்துக்கறேன் அம்மிணி, மாடி ஏறினது மலை ஏறின மாதிரி இருக்குது."

புதன்: "நீ சொன்னாச் செரிதான் டாக்டரம்மா."

வியாழன்: "சோறு எறங்கல அண்ணி. குளுருது."

வெள்ளி: "மேடம், செக்-இன் ரெண்டு மணிக்குத்தான்."

எல்லாம் நீ வாய்விட்டுச் சொன்னவை. நான் காதால் கேட்டவை. செவ்வாய்க்கு எதிரே எனக்கு எதுவும் நினைவு வரவில்லை. அப்பா பேனாவை வாங்கினார். தமிழ் எழுதி எத்தனை வருடமோ, எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்தன. "போன்ல: மூச்சு கொஞ்சம் பத்தல அண்ணா. ஒண்ணுமில்ல, நீ மீட்டிங் பாரு."

பேனாவை மூடி நோட்டின் மேல் வைத்தார். தாளை என்ன செய்வது என்று கேட்டேன். "நீயே வெச்சுக்கோ" என்றார். எட்டாக மடித்து நோட்டுக்குள் வைத்திருக்கிறேன். நாளை பள்ளி முடிந்ததும் ஊசியை ஆஸ்பத்திரியில் கொடுத்துவிட்டு வருவோம். இதை மட்டும் கொடுக்கமாட்டேன்.

அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. உன் அறைச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் சமையலறை. நாங்கள் பேசியது கேட்டிருக்குமோ என்னவோ, அப்போதே பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. பிறகு அவள் தன் அறைக்குப் போவதைப் பார்த்தேன். தலைவலி, வேறொன்றுமில்லை என்றாள். இதை எழுத ஆரம்பித்தபோது வெயில் இருந்தது. இப்போது கீழே குழந்தைகள் விளையாட இறங்கிவிட்டார்கள். அம்மாவின் கதவு இன்னும் திறக்கவில்லை.

இதை இங்கே வைத்துவிட்டு எழுந்திருக்கிறேன் அத்தை. போய்த் தட்ட வேண்டும்.